மேடையில் ஒருத்தி மட்டும்

ஆச்சேயில் கோலா பிரிங் என்ற ஊரில் ஷரியத் காவல் வேலையில் நாங்கள் பெண்கள் ஆறு பேர் இருந்தோம். ஐந்து பேர் சம்பளத்துக்காகச் சேர்ந்தவர்கள். என் பெயர் மைசுரா. நானும் அந்த ஐந்தில் ஒருத்தி. ரோஸ்னியார் மட்டும்தான் அந்தச் சட்டத்தை நம்பிச் சேர்ந்தவள்.

அதற்குக் காரணம் அவளுடைய அக்கா. ராணுவத்துக்கும் கிளர்ச்சிக்காரர்களுக்கும் சண்டை நடந்த வருஷங்களில், ரப்பர் தோட்டத்துப் பக்கம் இருந்த ராணுவ முகாமிலிருந்து சிலர் வந்து அக்காவை விசாரணைக்கென்று கூட்டிப் போனார்கள். சில நாள் கழித்துத் திருப்பி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அக்கா யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமலே இருந்து செத்துப்போனாள். நியாயம் கேட்கப் போன அப்பாவை வெயிலில் முட்டி போட வைத்து அனுப்பினார்கள். பிறகு சண்டை ஓய்ந்தது, ஷரியத் சட்டம் வந்தது. பெரிய பள்ளிவாசலில் பேசியவர்கள், இது மனுஷன் போட்ட சட்டம் இல்லை, இதற்கு முன்னால் மந்திரியும் மூட்டை தூக்குகிறவனும் ஒன்று என்றார்கள். நாங்கள் எல்லோரும்தான் அதைக் கேட்டோம். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் மீன் சுத்தம் செய்தோம். ரோஸ்னியார் வேலைக்கு மனுப்போட்டாள்.

வேலை பெரும்பாலும் சில்லறை வேலைதான். பாலத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, இறுக்கமான கால்சட்டையோடு மோட்டார்சைக்கிளில் போகும் பெண்களை மடக்குவோம். மற்றவர்கள் திட்டுவார்கள். ரோஸ்னியார் தன் வீட்டிலிருந்து துவைத்து மடித்த கைலிகளைப் பையில் கொண்டுவந்திருப்பாள்.

"இந்தா, இதைச் சுத்திக்கிட்டுப் போ. வீட்ல அலமாரியப் பூட்டிட்டாங்களா உனக்கு?"

"அக்கா, என் காலைப் பாக்கறவன் கண்ணுக்கு ஒரு சட்டம் கொண்டாங்களேன்," என்றாள் ஒருமுறை ஒரு கல்லூரிப் பெண்.

"அவனையும் பிடிப்பேன்டி கண்ணு. முதல்ல நீ கட்டு. கைலி திரும்பி வரணும், ஆமா. வாங்கிட்டுப் போறவளுக எவளும் குடுக்க மாட்டேங்கறீங்க."

அந்தப் பெண் சிரித்தபடியே கட்டிக்கொண்டு போனாள்.

எனக்கு அந்த வேலையே பிடிக்காது. வெள்ளிக்கிழமை பிரம்படி இருந்தால் எனக்கு முதல் நாளே சோறு இறங்காது. ரோஸ்னியாரிடம் சொன்னால், "நமக்கு வலிக்கறது நல்லதுதான். வலிக்காம அடிக்கறவங்க கைல சட்டம் போச்சுன்னாத்தான் பயப்படணும்," என்பாள். தண்டனை வாங்கும் பெண்ணின் பக்கத்தில் நிற்க அவளைத்தான் அனுப்புவார்கள். அவள் அந்தப் பெண்ணின் காதில் மெதுவாக ஓதிக்கொண்டே இருப்பாள். இறங்கியதும் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுப்பாள்.

அந்த வருஷம் நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு மார்லென் வந்தாள். ஐரோப்பாவிலிருந்து வந்தவள், படம் எடுக்கிறவள். நாற்பது வயதுக்காரி, தோளில் பெரிய கேமரா, தலையில் ஒழுங்காகக் கட்டத் தெரியாத முக்காடு. மொழிபெயர்க்கத் தலைநகர் பந்தா ஆச்சேயிலிருந்து ஃபித்ரி என்ற பெண்ணைக் கூட்டி வந்திருந்தாள். எங்கள் தலைவர் ஹஸ்பல்லா மார்க்கம் படித்தவர், அதனால் அவரைத் தெங்கு என்று கூப்பிடுவோம்; நயமாகப் பேசுகிறவர். அனுமதி கொடுத்துவிட்டார்.

"எடுத்துட்டுப் போகட்டும். நாம கையை வெட்டறோம், கல்லால அடிச்சுக் கொல்றோம்னு அங்க நினைச்சுக்கிட்டு இருக்காங்க. வந்து பாக்கட்டும். நம்ம பிரம்பு சுண்டுவிரல் கனம்கூட இல்ல," என்றார்.

மார்லென் எங்கள் வண்டியின் பின்னால் ஏறிக்கொண்டு ஊரெல்லாம் வந்தாள். ரோஸ்னியாரைத்தான் அவளுக்குப் பிடித்தது. அவள் வீட்டுக்குப் போய்ப் புளிப்பும் காரமுமான மீன்குழம்பைக் கையால் பிசைந்து சாப்பிட்டாள். மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் கொட்டியது. ரோஸ்னியாரின் புருஷன் முஹ்தார் முதுகு பிசகிக் கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டவர். அவர் இரக்கப்பட்டு ஒரு வாழைப்பழத்தை உரித்து நீட்டினார்.

சாப்பிட்டுக்கொண்டே மார்லென் கேட்டாள்: "இந்த முக்காட்டைக் கட்டச் சொல்லி யார் கட்டாயப்படுத்தினாங்க உங்களை?" ஃபித்ரி அதை எங்கள் பேச்சில் சொன்னாள்.

"எங்கம்மா," என்றாள் ரோஸ்னியார். "சின்ன வயசுல தலையில பேன். கட்டிக்கிட்டா மத்த பிள்ளைங்களுக்கு ஏறாதுன்னு கட்டிவிட்டாங்க."

நாங்கள் சிரித்தோம். மார்லெனும் சிரித்தாள், ஆனால் அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. ரோஸ்னியார் விடவில்லை.

"அவங்க ஊர்ல பொண்டாட்டிய அடிக்கற புருஷன் இருக்கானான்னு கேளு ஃபித்ரி."

"இருக்காங்களாம்."

"பெரிய இடத்து ஆளா இருந்தாலும் ஜெயில்ல போடுவாங்களா?"

"எல்லா நேரமும் போடறதில்ல," என்றாளாம் மார்லென்.

"பாவம்," என்றாள் ரோஸ்னியார்.

அடுத்த வாரம் ஒரு பிற்பகல், கடற்கரைச் சாலையில் இருந்த ஒரு விடுதியைச் சோதனை போடச் சொல்லி உத்தரவு வந்தது. மார்லெனைக் கீழே வண்டியில் உட்கார வைத்துவிட்டு நாங்கள் மாடிக்குப் போனோம். கோடியில் இருந்த அறைக் கதவைத் தட்டித் திறந்தது ரோஸ்னியார். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்றேன். உள்ளே சுர்யானி இருந்தாள். கல்யாண வீடுகளில் கீபோர்டுக்காரனோடு பாடப் போகிறவள். கட்டில் ஓரத்தில், கைலி மட்டும் கட்டிக்கொண்டு ரம்புத்தான் பழம் உரித்துத் தின்றுகொண்டிருந்தவர் ஹாஜி தர்மாவி. மாவட்ட மன்றத்தின் துணைத்தலைவர். பிரம்படியை மூடிய கட்டடத்துக்குள் வைக்கலாம் என்று யாரோ சொன்னபோது, வெள்ளைக்காரனுக்குப் பயந்து மார்க்கத்தை ஒளிப்பதா என்று மேஜையைத் தட்டியவர்.

அவர் எழுந்திருக்கக்கூட இல்லை.

"கதவைச் சாத்தும்மா, ஏசி போகுது," என்றார். பிறகு போனை எடுத்தார்.

நாங்கள் கீழே இறங்கும்போது சுர்யானி மட்டும்தான் எங்களோடு இருந்தாள்.

அன்னிய ஆணும் பெண்ணும் தனித்திருப்பதற்கு எங்கள் சட்டத்தில் கல்வத் என்று பெயர். சுர்யானிக்கு எட்டுப் பிரம்படி என்று தீர்ப்பானது. கூட இருந்த ஆள் அடையாளம் தெரியாதவர், தப்பி ஓடிவிட்டார் என்று எழுதியிருந்தார்கள். ரோஸ்னியார் என்னையும் இழுத்துக்கொண்டு தெங்கு ஹஸ்பல்லாவின் அறைக்குப் போனாள்.

"தெங்கு, ஒரு சந்தேகம்."

"கேளும்மா."

"ரெண்டு பேர் தனியா இருந்தாத்தான் கல்வத். இவ யாரோட தனியா இருந்தா?"

"எழுதியிருக்கே. ஆள் ஓடிட்டான்."

"கதவைத் தொறந்தது நான். அவர் ஓடல. கதவைச் சாத்தச் சொன்னாரு. மைசுராவும் பாத்தா."

"பாத்தேன் தெங்கு," என்றேன் நான்.

தெங்கு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படவில்லை. "வெளிய ஒரு வெள்ளைக்காரி கேமராவோட உக்காந்திருக்கா. இப்ப அந்தப் பேரைச் சொன்னா என்ன ஆகும்? சட்டத்துக்காகப் போராடினவனே இப்படின்னு உலகமே சிரிக்கும். ஒரு முஸ்லிமோட குறையை மறைச்சா ஆண்டவன் நம்ம குறையை மறைப்பான். படிச்சதில்லையா?"

"சுர்யானியும் முஸ்லிம்தானே தெங்கு. அவ குறையை யாரும் மறைக்கலையே."

"போய் வேலையைப் பாரும்மா," என்றார். என்னைப் பார்த்து, "ரெண்டு பேரும்," என்றார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில் மேடை போட்டார்கள். கூட்டம் மதில்மேல்கூட ஏறி நின்றது. பையன்கள் எல்லோர் கையிலும் போன், முன்னால் மார்லெனின் கேமரா. சுர்யானிக்கு வெள்ளை அங்கி போட்டு மண்டியிட வைத்தார்கள். ரோஸ்னியார் பக்கத்தில் நின்றாள். முகமூடி போட்டவர் பிரம்பை ஓங்கும்போதெல்லாம் கூட்டத்தில் சிலர் எண்ணினார்கள்; ஒருவன், "பாட்டுப் பாடேன்டி," என்று கத்தினான். முன்வரிசை நாற்காலியில் ஹாஜி தர்மாவி உட்கார்ந்திருந்தார், பூவேலை செய்த தொப்பியோடு. சுர்யானி அவரைப் பார்க்கவில்லை. ரோஸ்னியார் அவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அன்றைக்கு அவள் ஓதவும் இல்லை.

அன்று சாயங்காலம் தன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து மார்லெனின் கேமராவுக்கு முன்னால் அவள் பேசினாள். நானும் அங்கே இருந்தேன். அவள் சொன்னது எனக்கு இன்றும் அப்படியே நினைவிருக்கிறது.

"இன்னிக்கு அவ கையைப் பிடிச்சு ஏத்தினப்ப என் கை நடுங்குச்சு. வெக்கமா இருந்துச்சு. அந்த மேடை பொய். ஏன்னா அதுல ஏற வேண்டிய இன்னொருத்தர் முன்னால நாற்காலி போட்டு உக்காந்திருந்தாரு. ஹாஜி தர்மாவி. என் கண்ணால பாத்தேன். ஆண்டவனோட சட்டத்துல கோணல் இல்ல, இவங்ககிட்டதான் கோணல். அவரையும் ஏத்தட்டும். அன்னிக்கு நான் தலை நிமிந்து நிப்பேன்."

மார்லெனின் கண்ணும் கலங்கியிருந்தது. "அப்ப பிரம்படியே கூடாதுன்னு சொல்றீங்களா?" என்று கேட்டாள்.

"அப்படிச் சொல்லலையே. எல்லாருக்கும் ஒண்ணா இருக்கணும்னு சொல்றேன்."

வேறு விதமாக இரண்டு மூன்று தடவை அதையே கேட்டாள். ரோஸ்னியார் அதையே சொன்னாள். கடைசியில் ஃபித்ரி அலுத்துப்போய், "அக்கா, நானும் மாத்தி மாத்திக் கேக்கறேன், நீங்களும் மாத்தாம சொல்றீங்க," என்றாள்.

முஹ்தார் வாசலிலேயே நின்றிருந்தார். எல்லோரும் போனதும், "பேரைச் சொல்லியிருக்க வேணாம்," என்று மட்டும் சொன்னார்.

மழைக்காலம் வந்தபிறகு மார்லென் எடுத்த படத்தின் ஒரு துண்டு எங்கள் ஊர்ப் போன்களுக்கு வந்து சேர்ந்தது. படம் எங்கோ பெரிய விழாவில் காட்டப்பட்டு, எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்களாம். எங்களுக்கு வந்தது அதன் விளம்பரம் மட்டும், ஒன்றரை நிமிஷம். சுர்யானியின் முதுகில் பிரம்பு இறங்குகிறது, அவள் முகம் திரும்புகிறது. பிறகு ரோஸ்னியாரின் முகம், கண்ணீரோடு. "என் கை நடுங்குச்சு. வெக்கமா இருந்துச்சு. அந்த மேடை பொய்." அவ்வளவுதான். அதற்குமேல் வெள்ளை எழுத்தில் ஏதோ இங்கிலீஷில். ஷரியத்தின் சிறைக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல் என்று அதற்கு அர்த்தமாம்.

மறுநாளே ஹாஜி தர்மாவி பள்ளிவாசலில் பேசினார். நம் வீட்டுக்குள்ளேயே மேற்கத்தியர்கள் ஆள் பிடிக்கிறார்கள், ஆண்டவன் சட்டத்தைப் பொய் என்று சொல்ல நம் உடுப்பைப் போட்டவளே துணிந்துவிட்டாள் என்றார். ராத்தொழுகைக்குள் ரோஸ்னியாரின் தகரக் கூரையில் கல் விழுந்தது. வேலையை விட்டு நிறுத்தினார்கள். மார்க்கப் பள்ளி விடுதியில் தங்கிப் படித்த மகள் ஜுவைரியாவை, மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் சங்கடப்படுகிறார்கள் என்று பெட்டியோடு அனுப்பிவிட்டார்கள்.

நான் தெங்கு ஹஸ்பல்லாவிடம் போய், அவள் பேசியபோது நான் பக்கத்தில் இருந்தேன், பாதியை வெட்டிவிட்டார்கள் என்று சொன்னேன்.

"மீதிப் பாதி என்ன?" என்றார்.

சொன்னேன்.

"அதை வெட்டினது நல்லதாப் போச்சு," என்றார். "அதுவும் வந்திருந்தா அவளை நான் காப்பாத்தவே முடியாது."

அவர் காப்பாற்றியது இப்படி: வழக்கு வேண்டாம், பள்ளிவாசலில் மன்னிப்புக் கேட்டு, புதிதாகக் கலிமா சொல்லி மார்க்கத்துக்குத் திரும்பினால் போதும்.

"சொல்லிட்டு வந்துடு. தினம் தொழுகைல சொல்றதுதானே," என்றார் முஹ்தார்.

"போனாத்தான திரும்பி வரணும்? நான் எங்க போனேன்?" என்றாள் ரோஸ்னியார். ஆனாலும் ஜுவைரியாவைப் பார்த்துவிட்டுக் கிளம்பினாள்.

அதே முற்றம். அன்றைக்கு நான் காவலுக்கு நின்றேன். தெங்கு ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக் கொடுத்தார், புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதைப்போல. ஐந்து வேளையில் ஒரு வேளை தவறவிடாதவள் ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொன்னாள். குரல் தெளிவாகத்தான் இருந்தது. ஹாஜி தர்மாவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். உண்மையாகவே அழுதார் என்று நினைக்கிறேன். கூட்டம் ஆமீன் சொன்னது. வீட்டுக்கு வந்து அவள் தொழுகைப் பாயை விரித்தாள். ஆனால் தொழாமல் அதன்மேல் ரொம்ப நேரம் உட்கார்ந்தே இருந்தாள்.

ஃபித்ரி பந்தா ஆச்சேயிலிருந்து பஸ் பிடித்து வந்தாள், அழுதுகொண்டே. "நான் ஒரு வார்த்தை விடாம சரியாத்தான் சொன்னேன் அக்கா," என்றாள். அவளே மார்லெனுக்குப் போன் போட்டுக் கொடுத்தாள். திரையில் மார்லெனும் அழுதாள். பொய்க்காரி இல்லை அவள். அதைச் சொல்ல வேண்டும்.

"அவர் பேரை ஏன் எடுத்தாங்கன்னு கேளு," என்றாள் ரோஸ்னியார்.

வக்கீல்கள் ஒத்துக்கொள்ளவில்லையாம். ஆதாரம் இல்லாமல் ஒருவர் பெயரைச் சொன்னால் மானநஷ்ட வழக்கு வருமாம்.

"நான் பாத்தேனே. அது ஆதாரம் இல்லையா?"

போதாதாம்.

"சரி. ஆண்டவன் சட்டத்துல கோணல் இல்லன்னு சொன்னேனே, அதுக்கும் வக்கீலா?"

அதற்கு வக்கீல்கள் காரணம் இல்லையாம். படம் பார்ப்பவர்களுக்கு அது குழப்பமாக இருக்கும் என்று நினைத்தார்களாம். கொடுமைக்கு ஆளானவளே அந்தச் சட்டத்தை ஏன் புகழ்கிறாள் என்று அவர்களுக்குப் புரியாதாம்.

ரோஸ்னியார் போனை ஃபித்ரியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து அரிசி களையப் போனாள்.

அந்த வாரமே சுர்யானியைப் பார்க்கப் போனாள், நானும் போனேன். மலைப்பக்கம் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். எங்களை உட்காரச் சொல்லவில்லை.

"என்னத்துக்கு வந்தீங்க?"

"உன் முகம் படத்துல வரும்னு எனக்குத் தெரியாது சுர்யானி."

"இங்க அடி வாங்கினதை நம்ம ஊர்க்காரங்க பாத்தாங்க. ஒரு வருஷம் போனா மறந்திருப்பாங்க. மேடான் பட்டணத்துப் பக்கம் போய்ப் பாடிப் பிழைச்சிருப்பேன். இப்ப மேடான்லயும் பாத்துட்டாங்க, அதுக்கு அப்பாலயும் பாத்துட்டாங்க." சுர்யானி கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். "அந்த வெள்ளைக்காரி என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. நீயும் கேக்கல. எனக்காகப் பேசுன்னு உன்கிட்ட நான் சொன்னேனா?"

"அவரையும் தண்டிக்கணும்னுதான்..."

"அது உன் ஆசை. உன் அக்கா கதை எனக்கும் தெரியும். அதுக்கு நான் எதுக்கு?"

திரும்பி வரும் பஸ்ஸில் ரோஸ்னியார் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த கையை இறங்கும் வரைக்கும் எடுக்கவில்லை.

மார்லென் சும்மா இருக்கவில்லை. ஆபத்தில் இருப்பவர்களை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போகும் ஒரு அமைப்பிடம் பேசினாள். ரோஸ்னியார் முதலில் மாட்டேன் என்றாள். என் மார்க்கத்துக்குப் பயந்து ஓடி வருகிறேன் என்று சொல்ல முடியாது, மனுஷங்களுக்குப் பயந்து என்றால் சொல்கிறேன் என்றாள். பிறகு ஒருநாள் யாரோ அவர்கள் சமையல் கொட்டகைக்கு நெருப்பு வைத்தார்கள். முஹ்தார் அவள் காலருகில் உட்கார்ந்து, "எனக்காக வேணாம். புள்ளைக்காக," என்றார். சரி என்றாள்.

கணினியில் முகம் பார்த்துப் பேசி விசாரித்தார்கள். அதற்கு முதல்நாள் ஃபித்ரி படித்துப் படித்துச் சொன்னாள்: "அக்கா, அந்த வேலையைக் கட்டாயத்துலதான் செஞ்சேன்னு சொல்லுங்க. வயித்துப்பாடுன்னு சொல்லுங்க. அது ஒண்ணு போதும்."

விசாரித்தவர் மரியாதையாகத்தான் கேட்டாராம். மேடையில் பெண்களைப் பிடித்து நிறுத்தியது உண்டா? உண்டு. எத்தனை பேர்? நினைவில்லை, நிறைய. உங்களை யாராவது கட்டாயப்படுத்தினார்களா?

"இல்ல. நம்பித்தான் செஞ்சேன்," என்றாளாம் ரோஸ்னியார்.

அந்த இடத்தில் ஃபித்ரி கொஞ்ச நேரம் மொழிபெயர்க்கவில்லை. ரோஸ்னியார் அவளைப் பார்த்து, "சொன்னதைச் சொல்லும்மா," என்றாள். பிறகு சொன்னாளாம்.

பதில் வரச் சில வாரம் ஆனது. தண்டனைகளை நிறைவேற்றுவதில் தானாக விரும்பிப் பங்கெடுத்தவர்களுக்கு அவர்கள் உதவ முடியாதாம். வருத்தம் தெரிவித்திருந்தார்கள். மார்லென் இன்னொரு இடத்தில் முயற்சி செய்வதாகச் சொன்னாள். அதன் பிறகு வேறு நாட்டுக்கு வேறு படம் எடுக்கப் போய்விட்டாள் என்று ஃபித்ரி சொன்னாள். அவளும் மெல்ல மெல்லப் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். படிப்பு முடித்து வேலை தேடுகிற பெண். அந்தப் படத்தில் தன் பெயர் இருப்பது அவளுக்கும் தொந்தரவாகியிருக்கும்.

அடுத்த தேர்தலில் ஹாஜி தர்மாவி தலைவரானார். தெங்கு ஹஸ்பல்லா ஓய்வு பெற்றார். ஜுவைரியாவை வேறெந்தப் பள்ளியிலும் சேர்த்துக்கொள்ளவில்லை. பதினாறு வயதில் தூரத்து உறவுக்காரன் ஒருவனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அந்தக் கல்யாணத்துக்கு எங்கள் அலுவலகத்திலிருந்து நான் ஒருத்திதான் போனேன். ரோஸ்னியார் சமையல்கட்டை விட்டு வெளியே வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தார்களாம்.

நான் வாரத்துக்கு ஒருமுறை அவளைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். அவள் கருவாடு காயப்போட்டுச் சந்தைக்காரர்களுக்குக் கொடுத்துப் பிழைத்தாள். ஒருநாள், "உடுப்போட வராத. பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க பயப்படுதுங்க," என்றாள். சாதாரணத் துணியில் போனேன். கொஞ்ச நாள் கழித்து, "அப்படியும் வராதடி. உன் வேலைக்கு எதுனா வந்துடும். நீ நாலு பேருக்குச் சோறு போடணும்," என்றாள்.

"எனக்கு என்ன வந்தாலும் பரவால்ல," என்றேன்.

"பரவால்லன்னு நானும் சொல்லியிருக்கேன்," என்றாள். கோபமாக இல்லை. மீனைப் புரட்டிப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

அதற்குப் பிறகும் இரண்டு தடவை போனேன். முதல் தடவை தலைவலி என்று முஹ்தார் வாசலிலேயே சொல்லி அனுப்பினார். அடுத்த தடவை அவரும் வரவில்லை. கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது, அடுப்புப் புகை வந்துகொண்டிருந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன். முற்றத்தில் விரித்திருந்த மீனைக் காக்கை கொத்த வந்தது. அதை விரட்டிவிட்டு, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மூன்று மணி வேலைக்குத் திரும்பினேன்.